அறிவியல் மாநாட்டில் சிற்றுரை அமர்வுக்குத் தலைமை ஏற்றல்

அறிவியல் மாநாடு ஒன்றின் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினால் இரண்டு வகைப் பேச்சுகள் கண்ணில் படும். ஒன்று, அமைப்பாளர்கள் அழைத்துப் பேச வைக்கும் அழைப்புரை. அதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ கிடைக்கும். மற்றது, ஆய்வுச் சுருக்கம் அனுப்பி இடம் பெறுகிறவர்கள் ஆற்றும் சிற்றுரை. அதற்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. ஆராய்ச்சி மாணவர்களில் பெரும்பாலோர் முதன்முதலாகத் தங்கள் துறையினர் முன் எழுந்து நிற்பது இத்தகைய சிற்றுரைக்காகத்தான். ஒரே பொருளைச் சார்ந்த பத்துப் பதினைந்து சிற்றுரைகளைச் சேர்த்து ஓர் அமர்வாக அமைப்பார்கள். அந்த அமர்வை முதல் பேச்சிலிருந்து கடைசிப் பேச்சு வரை நடத்தித் தருகிறவர்தான் அமர்வுத் தலைவர்.

நம் ஊர் விழாக்களில் தலைமை வகிப்பவர் தலைமையுரை ஆற்றுவார். சிற்றுரை அமர்வில் அப்படி ஓர் உரைக்கு இடமே கிடையாது. மூன்று மணி நேரத்தில் தலைவர் பேசுவதை எல்லாம் சேர்த்தாலும் சில நிமிடங்களைத் தாண்டக் கூடாது. அவருடைய வேலை பிறருடைய நேரத்தைக் காப்பது; அதிலும் குறிப்பாக, வரிசையில் கடைசியாக நிற்கிறவருடைய நேரத்தைக் காப்பது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தலைவர் செய்ய வேண்டிய மற்றவை அனைத்தும் தாமாகவே விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

அமெரிக்க இயற்பியல் கழகம் ஆண்டுதோறும் நடத்திவந்த மார்ச் மாநாட்டை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இயற்பியலாளர்கள் கூடும் அந்த மாநாட்டில் ஒரு சிற்றுரைக்கு 12 நிமிடம் ஒதுக்குவது மரபு: பேச்சுக்கு 10, கேள்விகளுக்கும் அடுத்தவர் மேடையேறுவதற்கும் 2. அழைப்புரைக்கு இதைப் போல மூன்று மடங்கு, அதாவது 36 நிமிடம். மூன்று மணி நேர அமர்வில் அழைப்புரை இல்லையென்றால் 15 சிற்றுரைகள் அடங்கும். காலை 8 மணிக்குத் தொடங்கினால் இரண்டாமவர் 8.12-க்கும், மூன்றாமவர் 8.24-க்கும், பதினைந்தாமவர் 10.48-க்கும் பேச எழ வேண்டும்.

இதில் ஒவ்வொருவரும் அரை நிமிடம் மட்டும் கூடுதலாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அரை நிமிடம் என்பது கைத்தட்டல் ஓய்வதற்கும், லேப்டாப்பை மாற்றி இணைப்பதற்கும் ஆகிற நேரம். யாரும் அதைத் தவறாகக் கருத மாட்டார்கள். ஆனால் முதல் பதினான்கு பேரும் அப்படிச் செய்தால் 7 நிமிடம் கரைந்துவிடும். கடைசிப் பேச்சாளர் 10.55-க்கு எழுவார், 11 மணிக்கு அமர்வு முடிந்தாக வேண்டும். பல மாதங்கள் உழைத்து, கடல் தாண்டி வந்த ஒருவருக்கு, தாம் எந்தத் தவறும் செய்யாமலேயே பாதிக்கு மேற்பட்ட நேரம் பறிபோய்விடுகிறது. பந்தியில் முதல் இலைக்குப் பாயசத்தை வாரி ஊற்றிவிட்டுக் கடைசி இலைக்கு வெறும் கரண்டியைக் காட்டுவதைப் போன்றது இது. இதைத் தடுக்கக்கூடியவர் அந்த அறையில் தலைவர் ஒருவர் மட்டுமே.

சிற்றுரை அமர்வுகளின் வரலாற்றில் மிகவும் புகழ்பெற்றது 1987 மார்ச் 18 அன்று நியூயார்க் ஹில்டன் ஓட்டலில் நடந்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நோர்ட்ஸும் மியுல்லரும் 1986-இல் கண்டறிந்த புதிய வகை மீக்கடத்திகள் (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்கள்) உலகம் முழுவதும் ஆய்வகங்களை உலுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஆய்வுச் சுருக்கங்களை அனுப்புவதற்கான கெடு முடிந்த பிறகே பெரும்பாலான முடிவுகள் வந்திருந்ததால், மார்ச் மாநாட்டில் தனியாக ஓர் இரவு அமர்வைச் சேர்த்தார்கள். 51 பேர் பேசினார்கள். பெரும்பாலோருக்கு ஆளுக்கு 5 நிமிடம்தான். சுமார் இரண்டாயிரம் பேர் அரங்கிலும் வெளியே தொலைக்காட்சித் திரைகளின் முன்னும் நெருக்கியடித்து நின்று கேட்டார்கள். மாலை 7.30-க்குத் தொடங்கிய அமர்வு அதிகாலை 3.15-க்கு முடிந்தது. 1969-இல் அமெரிக்காவில் பெருங்கூட்டம் திரண்ட வுட்ஸ்டாக் இசை விழாவை நினைவூட்டியதால், அந்த இரவை இயற்பியலின் வுட்ஸ்டாக் என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள். பெட்நோர்ட்ஸும் மியுல்லரும் அதே ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள்.

அந்த இரவின் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். தலைமை ஏற்கப் போகிறவர் அதன் கணக்கைச் சற்றுப் பார்க்க வேண்டும். 7.30 முதல் 3.15 வரை 465 நிமிடம். 51 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 9 நிமிடம் வருகிறது. ஐந்து நிமிடப் பேச்சு, கேள்விகளும் இடைவெளிகளும் சேர்ந்து ஒன்பது நிமிடமாக நீள்கிறது. அன்று அது யாரையும் பாதிக்கவில்லை. அந்த அரங்கில் அடுத்து வேறு நிகழ்ச்சி இல்லை, கேட்க வந்தவர்களும் விடிய விடிய இருக்கத் தயாராக இருந்தார்கள். வழக்கமான நாளில் நிலைமை அப்படி இல்லை. அடுத்த அமர்வுக்கான கூட்டம் கதவுக்கு வெளியே காத்திருக்கும். பக்கத்து அறைகளில் பல அமர்வுகள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும்.

இந்தப் பக்கத்து அறைகளை முன்னிட்டு வந்த விதி ஒன்று, முதன்முறை தலைமை ஏற்கிறவர்களுக்குப் பெரும்பாலும் புதிதாக இருக்கும்: ஒரு பேச்சாளர் வராவிட்டால் அடுத்தவரை முன்கூட்டியே அழைக்கக் கூடாது. காலி இடம் காலியாகவே இருக்க வேண்டும். நேரம் மிச்சமாகிறதே என்று அடுத்தவரை அழைப்பது இயல்பாகத் தோன்றும். அரங்கில் இருப்பவர்களும் அதையே விரும்புவார்கள். ஆனால் 9.36-க்கு இருக்கும் பேச்சைக் கேட்பதற்காகவே வேறோர் அறையிலிருந்து ஒருவர் ஓடி வந்துகொண்டிருப்பார். அவர் உள்ளே நுழையும்போது அந்தப் பேச்சு முடிந்திருந்தால், அச்சிட்ட நிகழ்ச்சி நிரலுக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. பேசியவரும் தம் பேச்சைக் கேட்க விரும்பியவர்களை இழக்கிறார். எனவே வராதவருடைய 12 நிமிடத்தில், முன்பு பேசியவர்களிடம் நேரமின்மையால் கேட்காமல் விட்ட கேள்விகளைக் கேட்கச் சொல்லலாம். அல்லது சிறிய இடைவேளை விடலாம். ஆட்டம் கண்ட அமர்வை மறுபடி கடிகாரத்தோடு பொருத்திக்கொள்ளவும் இந்தக் காலி இடம் உதவும்.

இனி, அமர்வுக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள். எல்லாச் சுருக்கங்களையும் முந்தைய நாளே படித்துவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியையாவது குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். அமர்வு தொடங்குவதற்குக் குறைந்தது கால் மணி நேரம் முன்பாக அறைக்குப் போய், புரொஜெக்டர் வேலை செய்கிறதா, மைக் கேட்கிறதா, லேசர் சுட்டி இருக்கிறதா, நேரங்காட்டியை எப்படி இயக்குவது என்றெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். கோளாறு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதை அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது, நடுவில் பதறாமல் இருக்க உதவும். பேச்சாளர்களை முன்வரிசையில் உட்காரச் சொல்லி, அவரவர் ஸ்லைடுகள் திரையில் சரியாக வருகின்றனவா என்று ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் செய்ய வேண்டும். காணொளிகள் ஓடாமல் போவது அமர்வின் நடுவில் தெரிந்தால் மூன்று நிமிடம் போய்விடும். முன்பே தெரிந்தால் யாருக்கும் நட்டமில்லை.

அந்தக் கால் மணி நேரத்தில் செய்யக்கூடிய இன்னொரு காரியம், ஒவ்வொருவரிடமும் நேரில் போய் அவர் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்பது. தமிழர்களுக்கு இது நன்றாகவே புரியும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. பதிவுப் படிவத்தில் கேட்கிறார்களே என்று தந்தையின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிடுகிறோம். பிறகு மேடையில் தந்தையின் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். பேச வந்த பெண் ஒரு கணம் திகைத்துத் தம்மைத்தான் அழைக்கிறார்கள் என்று உணர்ந்து எழுகிறார். சீனப் பெயர்களில் எது குடும்பப் பெயர், எது இடுபெயர் என்பதிலும் இதே குழப்பம் உண்டு. கேட்டுவிட்டுத் தம் தாளில் தமக்குப் புரிகிற எழுத்தில் எழுதிக்கொள்கிற தலைவர், அந்தப் பேச்சாளருக்கு முதல் மரியாதையைச் செய்துவிடுகிறார். பெயர் கேட்கும் சாக்கில், நேரம் எப்படி உணர்த்தப்படும் என்பதையும் சொல்லிவிடலாம். முதன்முறை பேசுகிற மாணவர்களுக்குத் தலைவரின் முகம் முன்பே பழகியிருப்பது எவ்வளவு தெம்பைத் தரும் என்பதை மூத்தவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அறிமுகம் ஒரே வாக்கியத்தில் முடிய வேண்டும்: பெயர், நிறுவனம், பேச்சின் தலைப்பு. தலைப்பு திரையிலேயே இருந்தால் அதையும் விட்டுவிடலாம். பேச்சாளர் எங்கே படித்தார், எத்தனை கட்டுரைகள் எழுதினார், என்னென்ன விருதுகள் பெற்றார் என்று வாசிப்பது விழா மேடைக்குப் பொருந்தும்; பன்னிரண்டு நிமிட இடத்தில் அது பேச்சாளரின் நேரத்தையே செலவழித்து அவரைப் பாராட்டுவதாகிவிடும். அமர்வின் தொடக்கத்திலும் அப்படித்தான். வரவேற்கிறேன், பத்து நிமிடம் பேச்சு, இரண்டு நிமிடம் கேள்வி, எட்டாவது நிமிடத்தில் அட்டை காட்டுவேன் என்று சொல்லிவிட்டு முதல் பேச்சாளரை அழைத்துவிட வேண்டும்.

நேரத்தை உணர்த்துவதற்குப் பல வழிகள் உண்டு. சில அரங்குகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் இருக்கும். சிலவற்றில் இறங்குமுகமாக ஓடும் எண்கள் பேச்சாளர் முன் தெரியும். ஒன்றுமே இல்லாவிட்டாலும், பெரிய எழுத்தில் '2 நிமிடம்', '1 நிமிடம்', 'முடிக்கவும்' என்று எழுதிய மூன்று அட்டைகள் போதும். அட்டையைக் காட்டினால் மட்டும் போதாது. பேச்சாளர் அதைப் பார்த்தார் என்பது உறுதியாகும் வரை காட்ட வேண்டும். திரையைப் பார்த்தபடியே பேசுகிறவர்கள் பலர். நேரம் முடிந்ததும் தலைவர் தம் இருக்கையிலிருந்து எழுந்து நிற்பது ஒரு நல்ல வழக்கம். ஒரு சொல்லும் பேசாமலேயே அரங்கு முழுவதுக்கும் செய்தி போய்விடும். பேச்சாளரும் பெரும்பாலும் அடுத்த வாக்கியத்தில் முடிவுரைக்குத் தாவிவிடுவார்.

எழுந்து நின்றும் முடிக்காதவர்களை என்ன செய்வது? இந்த இடத்தில்தான் புதியவர்கள் தயங்குகிறார்கள். பேசிக்கொண்டிருப்பவர் பெரிய பேராசிரியராக இருக்கலாம். தலைவர் முனைவர் பட்டம் முடித்து இரண்டு ஆண்டு ஆனவராக இருக்கலாம். 'ஐயா, உங்கள் முடிவுரை ஸ்லைடுக்குப் போய்விடலாமா? கேள்விகளுக்குச் சிறிது நேரம் இருந்தால் நன்றாக இருக்கும்' என்று பணிவாக, ஆனால் மைக்கில், அனைவருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் பேச்சாளர் மூச்சு வாங்கும் இடம் பார்த்து 'மிக்க நன்றி' என்று சொல்லித் தலைவர் கைத்தட்டத் தொடங்கினால் அரங்கும் சேர்ந்துகொள்ளும். இதில் யாருக்கும் விலக்கு அளிக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. புகழ்பெற்றவருக்கு ஐந்து நிமிடம் விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்து வரும் மாணவியிடம் 'சுருக்கமாக முடியுங்கள்' என்று சொல்கிற அமர்வுகள் நடக்கத்தான் செய்கின்றன. அப்படிச் செய்கிற தலைவர் கண்ணியமாக நடந்துகொண்டதாகத் தம்மைக் கருதிக்கொள்ளலாம். உண்மையில் அவர் வலியவருக்குக் கொடுப்பதற்காக எளியவரிடமிருந்து எடுத்திருக்கிறார்.

அமர்வின் உயிர் கேள்வி நேரத்தில் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் ஒரு கேள்வி, மிஞ்சினால் இரண்டு, அவ்வளவுதான் முடியும். ஆகவே யார் முதலில் கேட்கிறார் என்பதே பாதி அமர்வைத் தீர்மானிக்கிறது. முன்வரிசையில் இருக்கும் அதே மூத்தவர் ஒவ்வொரு பேச்சுக்கும் கையை உயர்த்துவார். வேகமாக உயர்கிற கையைத் தேர்ந்தெடுத்தால் பதினைந்து பேச்சுக்கும் அவரே கேட்டு முடித்துவிடுவார். தலைவர் அரங்கின் பின்பகுதி வரை ஒரு முறை நிதானமாகக் கண்ணோட்டி, இதுவரை கேட்காதவருக்கு முதல் வாய்ப்பைத் தர வேண்டும். இது வெறும் உபசாரம் அல்ல என்பதற்குச் சான்று உண்டு. 2018-இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, 10 நாடுகளில் 35 நிறுவனங்களில் நடந்த சுமார் 250 துறைசார் கருத்தரங்குகளைக் கவனித்துப் பதிவு செய்தது. அரங்கில் பெண்கள் இருந்த விகிதத்தோடு ஒப்பிட்டால் அவர்கள் கேட்ட கேள்விகள் குறைவு. முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்ட கூட்டங்களில் அந்த ஏற்றத்தாழ்வு மேலும் கூடியிருந்தது. அவை மாநாட்டு அமர்வுகள் அல்ல, பல்கலைக்கழகத் துறைகளில் நடக்கும் கருத்தரங்குகள். ஆனால் கேள்வி கேட்க ஒருவரைச் சுட்டும் அதிகாரம் தலைவர் கையில் இருப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

கேள்வி கேட்பதாக எழுந்து சொற்பொழிவு ஆற்றுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. 'எனக்கு ஒரு கேள்வியை விடக் கருத்து ஒன்று இருக்கிறது' என்று தொடங்கினாலே தலைவர் விழித்துக்கொள்ள வேண்டும். முப்பது நொடி பொறுத்துவிட்டு, 'உங்கள் கேள்வியை ஒரு வரியில் சொல்ல முடியுமா?' என்று இடைமறிக்கலாம். இருவருக்கும் இடையே விவாதம் சூடு பிடித்தால், 'இதை நீங்கள் இடைவேளையில் தொடருங்கள்' என்று சொல்லி அடுத்த பேச்சாளரை மேடைக்கு அழைத்துவிடலாம். விவாதம் சுவையாக இருக்கிறதே என்று விட்டுவிடத் தோன்றும். அந்தச் சுவைக்கு விலை கொடுப்பவர் 10.48-க்குப் பேச வேண்டியவர். கேள்வி கேட்பவர் பேச்சாளரை மட்டம் தட்டும் தொனியில் பேசினால் தலைவர் உடனே குறுக்கிட வேண்டும். பதில் தெரியாமல் ஒரு மாணவர் திணறும்போது, 'நல்ல கேள்வி, அமர்வு முடிந்ததும் இருவரும் பேசிக்கொள்ளலாம்' என்று தலைவர் சொல்லும் ஒரு வரி, அவரைக் காப்பாற்றிவிடும்.

சில நேரம் ஒரு கையும் உயராது. பேசி முடித்து நிற்பவருக்கு அந்த அமைதி கொடுமையானது. தம் ஆய்வில் கேட்க ஒன்றுமே இல்லை போலும் என்று நினைத்துக்கொள்வார். முந்தைய நாள் குறித்து வைத்த கேள்வி இந்த இடத்துக்குத்தான். ஐந்தாறு நொடி காத்திருந்து பார்த்துவிட்டு, எவரும் எழாவிட்டால் தலைவரே கேட்க வேண்டும். அது ஆழமான கேள்வியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'மூன்றாவது வரைபடத்தில் வெப்பநிலையை 4 கெல்வினுக்குக் கீழே கொண்டுபோகாததற்குக் காரணம் உண்டா?' என்பது போல, பேச்சைக் கவனித்தேன் என்று காட்டுகிற, பேச்சாளர் நம்பிக்கையோடு பதில் சொல்லக்கூடிய கேள்வி போதும். பல முறை அந்த ஒரு கேள்வியே அரங்கில் மற்றவர்களின் தயக்கத்தைப் போக்கிவிடும். ஆனால் பிறர் கை உயர்ந்திருக்கும்போது தலைவர் தம் கேள்வியைக் கேட்பது முறையல்ல.

கேள்வியை மைக்கில் கேட்கச் செய்வது, மைக் இல்லாவிட்டால் பேச்சாளரைக் கொண்டு கேள்வியைத் திரும்பச் சொல்லச் செய்வது, இணையவழியில் கேட்பவர்களின் கேள்விகளைக் கண்காணிக்க ஒருவரை முன்பே நியமித்துக்கொள்வது போன்றவை சிறிய காரியங்கள்தான். அரங்கின் பின்னால் இருப்பவர்களும் திரைக்கு அப்பால் இருப்பவர்களும் அவற்றை நம்பித்தான் இருக்கிறார்கள்.

எல்லா மாநாடுகளிலும் ஒரே வடிவம் இல்லை. ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியம் வியன்னாவில் நடத்தும் ஆண்டுக் கூட்டத்தில் பிக்கோ என்றொரு வகை உண்டு: ஒவ்வொருவரும் 2 நிமிடம் மட்டும் பேசித் தம் ஆய்வை அறிமுகம் செய்வார்கள், எல்லோரும் பேசி முடித்த பிறகு ஆளுக்கொரு தொடுதிரையின் முன் நின்று, வருகிறவர்களோடு விரிவாக உரையாடுவார்கள். அங்கே பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே கேள்வி கிடையாது. தலைவருக்குக் கடிகாரமே முழு வேலை. எனவே தலைமை ஏற்கச் சம்மதித்ததும், அந்த மாநாட்டின் வழிகாட்டுக் குறிப்பை வாங்கிப் படித்துவிட வேண்டும். ஸ்லைடுகளைப் படம் எடுக்கலாமா, பதிவு செய்யலாமா, அநாகரிகமான நடத்தை நேர்ந்தால் யாரிடம் தெரிவிப்பது என்பவையும் அதில் இருக்கும்.

இந்தப் பொறுப்பு மூத்தவர்களுக்கு மட்டும் உரியது என்று தயங்க வேண்டாம். முனைவர் பட்டம் முடித்து ஆய்வைத் தொடரும் இளம் ஆய்வாளர்களையும் இளம் ஆசிரியர்களையும் அமைப்பாளர்கள் விரும்பிக் கேட்பது வழக்கம். அதே அமர்வில் பேச இருப்பவரையே கேட்பதும் உண்டு. அப்படி நேர்ந்தால், தாம் பேசும் 12 நிமிடத்துக்கு அட்டைகளையும் கடிகாரத்தையும் அரங்கில் உள்ள வேறொருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தமக்குத் தாமே நேரம் பார்த்துக்கொள்வது நடக்காத காரியம்.

கடைசிப் பேச்சுக்கான கேள்வியும் முடிந்ததும், பேச்சாளர்களுக்கும் அரங்கில் இருப்பவர்களுக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் ஒரு வரியில் நன்றி சொல்லி அமர்வை முடிக்கலாம். சூடான விவாதத்தைத் தொடர விரும்புகிறவர்களைத் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்த அமர்வின் தலைவருக்கு மேடையை ஒப்படைக்க வேண்டும். வராத பேச்சாளர்கள் யார் யார் என்ற விவரத்தை அமைப்பாளர்கள் கேட்டிருந்தால் அதை அன்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முதன்முறை பேசிய மாணவர் எவரேனும் கதவருகே நின்றிருந்தால், அவர் பேச்சில் பிடித்த ஓர் இடத்தைக் குறிப்பிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம்.